நாற்பத்து நான்காவது சொல்

எங்கள் சாரல் டிவியில் கெட்ட வார்த்தைகள் மொத்தம் நாற்பத்து மூன்று. எண்ணிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். குடும்பத்தோடு உட்கார்ந்து எதையும் பார்க்க முடியவில்லை, காது கூசுகிறது என்று. உடனே ஒரு குழு கூடியது. முதலாளி, முகாமையாளர் ஸ்ரீதரன் சார், ஆலோசகர் என்ற பெயரில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர், நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ். மூலையில் கணினிக்கு முன்னால் நான். எந்தெந்த வார்த்தைக்கு பீப் போட வேண்டும் என்று அவர்கள் சொல்ல வேண்டும், நான் அடிக்க வேண்டும். மூன்று பேராலும் சொல்ல முடியவில்லை. அறையில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளாம். தொண்டையைச் செருமினார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதி, நான்காக மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார்கள். நான் பிரித்துப் பிரித்து அடித்தேன். அதிபரின் துண்டில் மட்டும் பதினேழு வார்த்தைகள். மனிதர் இத்தனையையும் எங்கே போய்ப் படித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பட்டியல் எனக்கு மனப்பாடம். உடம்பின் கீழ்ப்பாதி முழுவதும் அதில் இருந்தது. மயிர் இருந்தது. பீ இருந்தது. மலம் என்று சொன்னால் விட்டுவிடலாம், பீ என்றால் பீப் போட வேண்டும். மலடி இல்லை. நொண்டி இல்லை, செவிடு இல்லை, பைத்தியம் இல்லை. எங்கள் ஏழு மணி நாடகத்தில் ஒரு மாமியார் மருமகளை மலடி என்று வாரத்துக்கு இருபது தடவை கூப்பிட்டாள். இருபது தடவையும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் யாருக்கும் காது கூசியதாகக் கடிதம் வரவில்லை.

என் வேலை ஒலித் தொகுப்பு. குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள வார்த்தை வந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு பீப் ஒலியை ஒட்ட வேண்டும். முடிந்ததும் ஒரு தாளில் ‘கேட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் ஒளிபரப்பாகாது. கையெழுத்து இருந்தால் அதற்குப் பிறகு ஒருவரும் போட்டுக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கு நான் கொடுத்த முகவரி கட்டுகஸ்தோட்டை வீதி. பொய் இல்லை, வீதி அதுதான். ஆனால் மஹய்யாவ என்ற எங்கள் பகுதியின் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் லயனில், அந்த வரிசை வீடுகளில், வேலைக்கு மனுப்போடுகிற எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகக் கைவந்துவிடும். கண்டி நகரத்தைக் கூட்டவும் கக்கூஸ் வாளி சுமக்கவும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மஹய்யாவ என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வி “அப்பா என்ன வேலை?” என்றுதான் வரும். என் அப்பா வீதி கூட்டினார். இப்போது என் அக்கா அழகம்மா கூட்டுகிறாள். அவள் கூட்டிமுடித்த வீதியில்தான் நான் செருப்புப் போட்டு நடந்து வேலைக்குப் போகிறேன்.

“வெளியில எங்கயாச்சும் என்னயக் கண்டா கூப்புடாதக்கா” என்று வேலை கிடைத்த அன்றைக்கே அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். “நீ யாருன்னே எனக்குத் தெரியாதுடி” என்றாள். சொன்னபடியே நடந்தும்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சென்ற மழையில் எங்கள் லயனுக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டது. தானாக அடைக்கவில்லை. மேட்டில் கொமட், வாஷ்பேசின், டைல்ஸ் எல்லாம் விற்கிற சேதுராமன், கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்டோர் கட்டினார். கானுக்கு மேலே கொங்கிறீட் போட்டு லொறி நிறுத்த இடம் பிடித்துக்கொண்டார். மழை பெய்ததும், கானில் போக வேண்டியதெல்லாம் திரும்பி எங்கள் பதினான்கு வீடுகளுக்குள் வந்தது. அக்காவின் மகள் சஞ்சீவனிக்கு ஆறு வயது. தரையில் போட்ட மெத்தையில் படுத்திருந்தவள் நனைந்துபோய் எழுந்தாள். அப்புறம் மூன்று நாள் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

லயன்காரர்கள் கூடிப் பேசி சாரல் டிவிக்குச் சொல்லியிருக்கிறார்கள். நளீர் நானா கமராவைத் தூக்கிக்கொண்டு போனார். மடவளைக்காரர். எங்கள் ‘மக்கள் மேடை’ நிகழ்ச்சியில் படம் பிடிப்பதும் அவர்தான், கேள்வி கேட்பதும் அவர்தான். அவர் போன நேரம் நான் அலுவலகத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவருடைய பதிவைத் திறந்தபோது திரையில் என் வீட்டு வாசல் தெரிந்தது. வாசலில் அக்கா, பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

“உள்ள வந்து பாருங்க. பயப்புடாம வாங்க, ஒங்களயும் நாத்தம் ஒண்ணும் தின்னுறாது. இந்தா, பீத்தண்ணி. சோறாக்குற எடத்துல பீத்தண்ணி நிக்கிது. புள்ள படுக்குற மெத்தயில பீ. ஊர்க் குப்பையெல்லாம் நாங்க அள்ளிட்டு வந்து குளிச்சிட்டு ஒக்காந்தா, ஊர்ப் பீய எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுட்டாங்க. அந்த மொதலாளிகிட்டப் போய்ச் சொன்னோம். பொறுங்க பொறுங்கங்கிறாரு. என்ன மயிருக்குப் பொறுக்கணும்? அவரு வீட்டுக்குள்ள வந்தா பொறுப்பாரா?”

என் அக்கா இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது. ஒரு இடத்தில்கூட அழவில்லை. இங்கே எழுதியது கொஞ்சம்தான், மொத்தம் மூன்று நிமிடம், ஒரே மூச்சு. “என் தங்கச்சி ஒங்க டிவியிலதான் இருக்கா” என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை.

அடுத்தது சேதுராமன். தன் கடைக்குள், வரிசையாக வைத்த வெள்ளை வெள்ளைக் கொமட்டுகளுக்கு முன்னால், சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார்.

“நாங்க முறைப்படிதான் கட்டியிருக்கோம் தம்பி. இந்தத் தோட்டிச் சனம் எப்பவும் இப்பிடித்தான், சத்தம் போட்டே பழகினவங்க. தோட்டிக்கு நாத்தம் என்ன புதுசா? பொறந்ததே அதுக்குள்ளதானே.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நளீர் நானா திடுக்கிட்டது கமரா லேசாக ஆடியதில் தெரிந்தது.

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பிறகு பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். மனப்பாடமாகத் தெரிந்த பட்டியலில் அப்போது ஏன் தேடினேன் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்றில் அவர் சொன்னது ஒன்றுமே இல்லை. அக்கா சொன்னதில் பதினொரு இடம் இருந்தது.

நான் போட்டேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? என் அக்காவின் வாயில் பதினொரு தடவை நான்தான் பீப் போட்டேன். நளீர் நானா பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதரன் சார் எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதோ பிள்ளை?” என்றார். முடிந்தது என்றேன். ‘கேட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அது யார் வீடு என்று தெரிந்துவிடும் என்ற பயம். ஐந்து வருடமாக மூடி வைத்த ஒரு ஊர்ப் பெயருக்காக நான் என் அக்காவை மூடினேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இருபது பேர். கழுவிக் காயவைத்த தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். டிவியில் வரப்போகிறவள் டிவியைப் பார்ப்பதற்கும் நல்ல சேலை கட்ட வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சஞ்சீவனி அவள் மடியில் இருந்தாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

“இந்தா, பீப். சோறாக்குற எடத்துல பீப் நிக்கிது. புள்ள படுக்குற மெத்தயில பீப்.”

முதல் பீப்புக்கு யாரோ சிரித்தார்கள். மூன்றாவதுக்கு லயனே சிரித்தது. சிரிக்காமல் இருக்கவும் முடியாது, அப்படித்தான் இருந்தது. வாயைத் திறந்தாலே தூஷணம் கொட்டுகிற ஒரு பொம்பளை திரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பீப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்ததிலேயே மோசமான வார்த்தையை எடுத்து அங்கே வைத்துக்கொள்வார்கள் அல்லவா? அக்கா சொன்னதோ, வீட்டுக்குள் என்ன வந்தது என்பதை மட்டும்தான். அது மட்டும் காணாமல் போயிருந்தது. அடுத்து சேதுராமன் வந்தார். தோட்டிச் சனம் என்று அட்சரசுத்தமாகச் சொன்னார். பிறந்ததே அதற்குள்தானே என்று தெளிவாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

சஞ்சீவனி நிமிர்ந்து, “தோட்டின்னா யாரும்மா?” என்று கேட்டாள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத வார்த்தை என்று அந்த நேயர் எழுதியிருந்தாரே, அது எது என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. இருபது பேரில் ஒருவரும் பிள்ளைக்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, “சரி அழகம்மா, வாறோம்” என்று போய்விட்டார்கள்.

அடுத்த நாளே அந்தக் காணொளித் துண்டு போனுக்குப் போன் பரவியது. திங்கட்கிழமை காலை மார்க்கெட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, ஒரு த்ரீவீல்காரன் ஹோர்னை அடித்து, “பீப் அக்கா! பீப் அக்கா!” என்று கத்தியிருக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். வேலை முடிந்து அவள் வந்தபோது நான் வீட்டிலேயே இருந்தேன். தலைவலி என்று சொல்லி அரைநாள் விடுமுறை எடுத்திருந்தேன்.

“அந்த சத்தத்த யாரு போட்டது?” என்று அக்கா கேட்டாள். கேட்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நான்தான்க்கா.”

“நான் யாரையாச்சும் தாயப் பழிச்சேனா, தகப்பனப் பழிச்சேனா?”

“இல்ல.”

“பின்ன?”

“பீன்னு சொல்லக் கூடாதாம். சட்டம்.”

அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அள்ளலாம். வீட்டுக்குள்ள நிக்கலாம். புள்ள அதுல படுக்கலாம். சொல்லத்தான் கூடாதா?” என்றாள். “சரி, எனக்குப் படிப்பில்ல, விடு. அவன் சொன்னதுக்கு ஏன்டி போடல?”

அவள் கத்தியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உள்ளே போய் சஞ்சீவனிக்குச் சோறு ஊட்டத் தொடங்கிவிட்டாள்.

அன்று முழுக்க யோசித்தேன். அந்த மூன்று பேர் துண்டில் எழுதியது எதை? தங்களுக்குக் கூச்சம் வருகிற வார்த்தைகளை. மகளோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தால் தங்கள் முகம் சிவக்கிற வார்த்தைகளை. யாரையாவது சுடுகிற வார்த்தை எது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்றால் அவர்களை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மலடி என்று அவர்களை யார் சொல்லப்போகிறார்கள்? நொண்டி என்று? தோட்டி என்று? பட்டியல் எழுதுகிற கை எதற்குக் கூசுகிறதோ அதுதான் கெட்ட வார்த்தை. மற்றதெல்லாம் பேச்சுத் தமிழ்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீதரன் சாரின் அறைக்குப் போனேன். கமரா பற்றரி விஷயமாக நளீர் நானாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துண்டுத் தாளில் அந்த வார்த்தையை எழுதி, நான்காக மடித்து, மேசையில் வைத்தேன்.

“என்ன பிள்ளை இது?”

“பட்டியல்ல இன்னொரு வார்த்தை சேக்கணும் சார். நாப்பத்து நாலாவது.”

அவர் முகம் இறுகியது. நளீர் நானாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளை மேசைக்குக் கீழே வைத்துப் பிரித்தார். பிறகு முகம் தளர்ந்தது. சத்தமாகவே வாசித்தார்.

“தோட்டி? இதையோ? இதில என்ன கிடக்கு? தோட்டி எண்டது ஒரு தொழிலின்ர பேர் எல்லோ. இதுக்கு பீப் போட்டால் நாளைக்குத் தச்சன், கொல்லன் எண்டதுக்கும் போடவேண்டி வரும்.”

“சார், பட்டியல்ல உள்ள நாப்பத்து மூணுல ஏதாச்சும் ஒண்ண இப்ப வாயால சொல்லுங்க பாப்போம்.”

“என்ன கதைக்கிறீர்? ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னால…”

“இத மட்டும் ரெண்டு தடவ சொல்லிட்டீங்களே. எனக்கு முன்னாலதானே சொன்னீங்க?”

“அது வேற, இது வேற பிள்ளை.”

“வேற இல்ல சார். நான் தோட்டி வீட்டுப் பொண்ணு. எங்க வீடு மஹய்யாவ லயன்ல இருக்கு. பீப் போட்டேனே, அது என் சொந்த அக்கா. நீங்க பாத்தது என் வீட்டு வாசல்.”

நளீர் நானாதான் முதலில் பேசினார். “அது ஒங்கட ராத்தாவா? என்ன தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஸ்ரீதரன் சாரின் பார்வை என் முகத்திலிருந்து மேசை ஓரத்துக்குப் போனது. நானும் எல்லோரோடும் எடுத்துக் குடிக்கிற தேநீர்க் கோப்பைகள் அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டுப் பார்வை திரும்பி வந்தது. ஒரு விநாடிதான். ஐந்து வருடமாக நான் பயந்தது அந்த ஒரு விநாடிக்கு. வந்தது, போனது. நான் சாகவில்லை.

“எனக்குத் தெரியாது பிள்ளை,” என்றார் கடைசியில். “தெரிஞ்சிருந்தால் அந்தப் பகுதியை வேற ஆளிட்டக் குடுத்திருப்பன்.”

“வேற ஆளு போட்டாலும் பதினொன்னுதானே சார்?”

“விதி எண்டால் விதிதான். சேதுராமன் எங்கட பெரிய விளம்பரக்காரர். அவரைக் கெட்ட வார்த்தை பேசின ஆளாக் காட்டேலாது. நாளைக்கு மறுஒளிபரப்பு. அப்பிடியே போகட்டும். விளங்குதோ?”

விளங்கியது என்றேன். அதுவும் பொய் இல்லை. நன்றாகவே விளங்கியிருந்தது.

மறுஒளிபரப்பு புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு. காலையிலேயே ‘மக்கள் மேடை’யைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவின் பதினொரு பீப்பையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்க அடியிலிருந்து அவள் குரல் வந்தது. பிறகு சேதுராமனிடம் போனேன். அவர் சொன்னதை முழுதாக வெட்டி எறிய எனக்கு மனமில்லை. அவர் பேசட்டும், சிரிக்கட்டும். அந்த வார்த்தை வருகிற இரண்டு இடத்திலும், பிறந்ததே அதற்குள் என்கிற இடத்திலும், நல்ல சத்தமாக, நல்ல நீளமாக பீப் போட்டேன். ஒளித்துவைக்க அல்ல. இந்த மனிதர் வாயிலிருந்து வந்தது தூஷணம் என்று ஊருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

‘கேட்டேன், சரி’ என்று எழுதினேன். எப்போதும் கிறுக்குகிற கையெழுத்துக்குப் பதிலாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி முழுப் பெயரையும் எழுதினேன். அழகம்மாவின் தங்கை கிருஷாந்தி.

நளீர் நானா தாளை எட்டிப் பார்த்தார். “நான் எடுத்தத நீங்கதான் தங்கச்சி சரியாக் காட்டப் போறீங்க” என்று சொல்லிவிட்டு, ஒளிபரப்பு அறைக்குத் தாளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு முதலாவது அழைப்பு வந்தது, நான் எடுத்தேன். சேதுராமனேதான்.

“யாரும்மா பேசுறது? என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க? நான் என்னமோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி கூங் கூங்னு சத்தம் போட்டு வச்சிருக்கீங்க! வீட்ல சம்பந்தி வந்து ஒக்காந்திருக்காங்க. என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்கன்னு கேக்கிறாங்க. மருமக முகத்தப் பாக்க முடியல. நான் அப்பிடி என்ன சொல்லிட்டேன்?”

“நீங்க சொன்னதுதானே சார். அவங்ககிட்ட வாயாலயே சொல்லிருங்களேன்.”

சொல்லுங்கள் சார் என்று மறுபடியும் கேட்டேன். அவர் சொல்லவில்லை. தன் கடையில், கமராவுக்கு முன்னால், ஊருக்கே சிரித்துக்கொண்டு சொன்ன வார்த்தையைச் சம்பந்திக்கு முன்னால் சொல்ல அந்த மனிதருக்கு நா எழவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஸ்ரீதரன் சார் ஓடிவந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. “என்ன செய்து வச்சிருக்கிறீர்? முதலாளி போன்ல நிண்டு கத்துறார். இனி நான் ஒண்டும் செய்யேலாது. நாளைக்கு நீர் வரத் தேவையில்லை.”

“சரி சார். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் வேலையில இருக்கேன்.”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பட்டியலில் உள்ள வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டுப் போனது என்பது என் அனுமானம். மறுபடியும் தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை, அதனால் நான் எடுத்தேன். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. இருபது நிமிடத்துக்குள் பதினைந்து அழைப்புகள். சேதுராமனின் கொங்கிறீட் பற்றி ஒருவர் கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் பீ என்ற வார்த்தையைப் பற்றித்தான் பேசினார்கள். பேசினார்களே தவிர, ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ‘அந்த’ என்றார்கள், ‘அது’ என்றார்கள், ‘அசிங்கம்’ என்றார்கள். ஸ்ரீதரன் சார் வாசற்படியில் நின்று, மன்னிப்புக் கேள், மன்னிப்புக் கேள் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பதினாறாவது ஒரு அம்மா. நல்ல குரல், நிதானமான பேச்சு. டீச்சராக இருந்திருப்பார்கள்.

“நீங்களெல்லாம் படிச்ச பிள்ளைகள்தானே? பகல் பன்னிரண்டரை மணிக்கு, வீட்டில எல்லாரும் சோத்துக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற நேரத்தில, ஒரு பொம்பளய கொண்டுவந்து நிறுத்தி அந்த வார்த்தய அத்தனை தடவ சொல்ல விடுறீங்களே. எப்படிம்மா சாப்பிடுறது? கையில எடுத்த சோறு அப்படியே இருக்கு.”

“அவங்களுக்கு சோறாக்குற எடத்துக்கே வந்துச்சும்மா,” என்றேன். “வார்த்த வரல. அதுவே வந்துச்சு.”

அந்த அம்மா உடனே வைத்துவிடவில்லை. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

“இப்பவும் வருதா?”

“ஒவ்வொரு மழைக்கும் வருதும்மா. நீங்க சாப்புடுங்க, சோறு ஆறிப் போயிரும்.”